பேக்டரி பெண் பார்த்த கதை

மலாய் நாட்டில், சுங்காய்ப் பட்டணத்திலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் எங்கள் ரப்பர்த் தோட்டம் இருந்தது. எழுபதுகளில் அந்தத் தோட்டத்துக்கு ஒரு தொரை, ஒரு மாரியம்மன் கோயில், அடிக்கடி நின்றுபோகும் ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு நேர்முகத் தேர்வு நிபுணர் ஆகிய வசதிகள் இருந்தன. நிபுணரின் பெயர் காளியம்மா. பால்மரம் வெட்டுவது, அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுப்பது, அவருடைய தொழில். நேர்முகத் தேர்வு அவருடைய கலை.

‘நேர்முகத் தேர்வு’ என்ற சொல்லை அவர் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் கடுமையாக ஆட்சேபித்திருப்பார். முகத்தை நேராக வைத்துக்கொண்டு தேர்வில் தேறிய பெண் ஒருத்திகூட அவருடைய அனுபவத்தில் கிடையாது. அவர் அறிந்த தேர்வு, மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து பெண்ணைப் பார்க்கிற தேர்வு. அதற்குப் பெண்ணைத் தயார் செய்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பதைத் தோட்டத்தில் தொரையைத் தவிர எல்லோரும் அறிவார்கள். அவரிடம் பயிற்சி பெற்ற பெண்கள் பீடோரிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய பாடத்திட்டம் எளிமையானது. முதல் பாடம் கண்.

“கண்ணு தட்டுல இருக்கணும். தட்டுக்கு மேல போனா திமிருன்னுவாங்க. ரொம்பக் கீழ போனா கண்ணுல கோளாறுன்னுவாங்க.”

இரண்டாவது பாடம் கை. தட்டில் வைத்த தம்ளர்கள் சத்தம் போடாமல் இருக்க அடியில் ஈரத்துணி விரிக்க வேண்டும். மூன்றாவது பாடம் வாய். பெயர் கேட்டால் பெயர் மட்டும் சொல்லலாம், அதுவும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டும் கேட்காத மாதிரி. மற்ற கேள்விகளுக்கு அப்பன் பதில் சொல்வான். இதை மீறிப் பெண் வாயெடுத்தால், கதவுக்குப் பின்னால் நிற்கும் காளியம்மா ஒருமுறை இருமுவார். அந்த இருமலைத் தோட்டத்துப் பெண்கள் காலையில் வேலைக்கு ஆள் எண்ண அடிக்கும் பெரட்டு மணியைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். பெரட்டு மணிக்காவது சிலர் தாமதமாக வருவார்கள். இருமலுக்கு யாரும் தாமதித்ததில்லை.

இந்தக் கலையை அவர் யாரிடமும் பயிலவில்லை. தோற்றுக் கற்றுக்கொண்டார். பதினெட்டு வயதில் அவரைப் பார்க்கப் பீடோர்ப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். நல்ல உயரம், சொந்தமாகச் சைக்கிள் வேறு. காளியம்மா நிமிர்ந்து அவரை முழுசாகப் பார்த்தார். பிடித்துப்போய்ச் சிரித்தும் வைத்தார். மாப்பிள்ளையும் சிரித்தாராம். மாப்பிள்ளையின் தாயார்தான் சிரிக்கவில்லை. “பொண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா ரொம்பப் பார்க்குது” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் எழுந்தார். அந்த ஒரு வாக்கியம் சைக்கிளைவிட வேகமாக எல்லாத் தோட்டங்களுக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு துணிந்து வந்தவர் ஒரே ஒருவர். அவர் மனைவியை இழந்தவர், காளியம்மாவின் தகப்பனாரைத் ‘தம்பி’ என்று கூப்பிடும் வயதினர். கல்யாணமான சுருக்கில் அவரும் போய்ச் சேர்ந்தார். காளியம்மா, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், தம்பி அப்பாவுவின் வீட்டுக்கே திரும்பி வந்தார். அன்றிலிருந்து தோட்டத்தில் எந்தப் பெண்ணின் கண்ணையும் அவர் தட்டுக்கு மேலே போக விட்டதில்லை.

இப்படிப்பட்ட நிபுணரிடம்தான் அப்பாவுவின் மகள் நல்லம்மாள் அகப்பட்டாள்.

நல்லம்மாள் மூன்றாம் பாரம் வரை படித்தவள். அதற்கு மேல் படிக்கத் தாப்பாவுக்குப் பஸ் ஏற வேண்டும். அந்தப் பஸ் அவளுக்குக் கிடைக்கவில்லை, மருந்தடிக்கும் வேலை கிடைத்தது. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் புல்லுக்கு மருந்தடிக்க வேண்டும். கொஞ்ச நாளில் அவளுடைய கட்டைவிரல் நகம் ஒன்று கழன்று விழுந்தது. “புது நகம் மொளைக்கும்லா, பழசு எதுக்கு?” என்று கங்காணி ஆறுதல் சொன்னார். நல்லம்மாளுக்கு அந்த ஆறுதல் போதவில்லை. அந்தப் பம்பை இறக்கிவைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை அப்போது இருக்கவில்லை.

அந்த வருடம் தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒலிபெருக்கி கட்டிய வெள்ளை வேன் ஒன்று லயத்துக்குள் வந்தது. ஈப்போவில் புதிதாகத் திறந்திருக்கும் எலக்ட்ரானிக் பேக்டரிக்குப் பெண்கள் தேவை என்று மலாயிலும் தமிழிலும் முழங்கியது. மூன்றாம் பாரம் போதும். கண் பார்வை நன்றாக இருக்க வேண்டும். கல்யாணம் ஆகாதவர்களாக இருக்க வேண்டும். நேரில் வந்தால் அங்கேயே பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள்.

காளியம்மா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு அறிவிப்பை இரண்டாம் முறையும் கவனமாகக் கேட்டார்.

“கல்யாணம் ஆவாத பொண்ணாம். கண்ணு நல்லா இருக்கணுமாம். நேர்ல பார்த்துத்தான் முடிவு சொல்லுவாங்களாம்” என்றார் தம்பியிடம். “அப்பாவு, இது நம்ம விசயந்தான்.”

அப்பாவுவுக்கும் அதில் சந்தேகம் இல்லை. அவரை வாழ்க்கையில் ஒரே ஒருவர்தான் நேர்முகம் செய்திருந்தார். கங்காணி ‘வெட்டுவியா?’ என்று கேட்டார், இவர் ‘வெட்டுவேன்’ என்றார், அத்தோடு வேலை கிடைத்துவிட்டது. ஆகவே அக்காவின் அனுபவத்துக்குத் தலைவணங்கினார்.

நல்லம்மாள்தான் முரண்டு பிடித்தாள்.

“அத்தே, இது வேலைக்கி. அவங்க கேள்வி கேப்பாங்க. நாந்தான் பதில் சொல்லணும். ஸ்கூல்ல டீச்சர் சொல்லியிருக்காங்க, இண்டர்வியூன்னா நிமிந்து மூஞ்சப் பார்த்துப் பேசணும்னு.”

“ஒங்க டீச்சருக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

“இல்ல.”

“ஏன் ஆவலைன்னு இப்பத் தெரியுதுல்ல?”

நல்லம்மாள் அதோடு வாதத்தை நிறுத்திக்கொண்டாள். ஆனால் தயாரிப்பை நிறுத்தவில்லை. அடுத்த லயத்துப் பாக்கியம் அவளுடைய வயதுக்காரி, அவளும் போவதாக இருந்தாள். ஏற்கெனவே அந்த பேக்டரிக்குப் போய் வந்த ஒருத்தியைச் சந்தையில் பிடித்து, உள்ளே என்னென்ன செய்யச் சொல்கிறார்கள் என்று பாக்கியம் விசாரித்து வந்தாள். எழுத்துப் பலகையைத் தூரத்திலிருந்து படிக்க வேண்டும். சாமணத்தால் சின்னச் சின்ன ஊசிகளை எடுத்து ஓட்டைகளில் செருக வேண்டும். பிறகு ஒரு சீன மாது கேள்விகள் கேட்பாள்.

அன்றிலிருந்து நல்லம்மாள் இரண்டு தேர்வுக்குத் தயாரானாள். வேலைவிட்டு வந்ததும் அத்தையின் வகுப்பு, மஞ்சள் பூசிக்கொண்டு, தட்டு ஏந்தி, கண்ணைத் தாழ்த்தி நடப்பது. அத்தை குளிக்கப் போகும் நேரம் அவளுடைய சொந்த வகுப்பு. முள் எடுக்கும் சாமணத்தால் கடுகை ஒவ்வொன்றாக எடுத்து மருந்துப் புட்டியின் வாய்க்குள் போட்டாள். முதலில் கடுகு துள்ளி ஓடியது. போகப் போக அது அவளுக்குக் கட்டுப்பட்டது. குழாயடியில் பாக்கியம் சீன மாதாக நடித்தாள்.

“நைட்டு வேலை செய்வியா? ஷிப்டு மாறி மாறி வரும்.”

“போலே, மிஸ்.” முடியும் என்பதற்கு மலாய்.

“சத்தம் பத்தல. குழாய்த் தண்ணி சத்தத்துக்கு மேல கேக்கணும்.”

“போலே, மிஸ்!”

“அப்பிடித்தான் மச்சி. நீதான் மேனேஜரு.”

அத்தை ஒருநாள் அடுப்படியில் சிந்திக்கிடந்த கடுகைப் பார்த்துவிட்டார். “பொண்ணு பார்க்க வர்ற நேரத்துல கடுகக் கொட்டி வெளையாடுது பாரு” என்று தம்பி மனைவி செல்லாயியிடம் குறைபட்டுக்கொண்டு, அதைப் பெருக்கி எடுத்துக் குழம்புக்குத் தாளித்துவிட்டார்.

குறிப்பிட்ட நாள் வந்தது. நல்லம்மாள் தன் தாயாரின் கல்யாணப் பட்டில் இருந்தாள். கழுத்தில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டம்மாவின் அட்டியல், கைகளில் மூன்று வீட்டு வளையல்கள், தலையில் சுங்காய்ப் பூக்காரனிடம் இருந்த அத்தனை மல்லிகை. முதல்நாள் அரைத்து இட்ட மருதாணி பத்து விரல்களிலும் ரத்தமாகச் சிவந்திருந்தது. பாக்கியம் பள்ளிக்கூடச் சப்பாத்தும் ஒரு கவுனும் போட்டுக்கொண்டு வந்தாள். காளியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“ஒங்க ஆத்தாளுக்கு ஒன்னத் தயார் பண்ண நேரமில்லையாக்கும்?”

“அம்மா மரம் வெட்டப் போயிருச்சி அத்தே.”

“பாவம்” என்றார் காளியம்மா, உண்மையான இரக்கத்தோடு.

தாப்பா, கம்பார், கோப்பெங், சிம்பாங் பூலாய் என்று பஸ் ஊர்ந்தது. வழியில் ஏறியவர்களெல்லாம் அந்தப் பட்டையும் பூவையும் பார்த்து மரியாதையாக இடம் விட்டார்கள். கோப்பெங்கில் ஏறிய ஒரு கிழவி, “கல்யாணம் எங்க தம்பி?” என்று அப்பாவுவை விசாரித்தாள்.

“பேக்டரிக்கிப் போறோம் பாட்டி.”

“பேக்டரிலயா வைக்கிறீங்க?” என்று கிழவி வியந்தாள். “எடம் பெரிசா இருக்கும்.”

பேக்டரி வாசலில் ஜாகா நின்றார். காவலாளிக்கு எங்கள் பக்கம் ஜாகா என்று பெயர். கார்த்திகேசு என்ற அந்த ஜாகா காக்கி உடுப்பில், மீசையை முறுக்கிக்கொண்டு, வேலைக்கு வந்த பெண்களோடு துணைக்கு வந்தவர்களையெல்லாம் வெயிலில் ஒதுக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். பெண்களைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது என்பது பேக்டரியின் சட்டம். நல்லம்மாளைக் கண்டதும் அவருடைய கை மீசையிலேயே நின்றுவிட்டது. பட்டுச் சேலையோடு வந்த குடும்பத்தை வெயிலில் நிறுத்துவது அவருக்கு முறையாகப் படவில்லை.

“பெரியவங்க உள்ள போங்கண்ணே. கேண்டீன்ல பெஞ்சு இருக்கு” என்று கம்பிக்கதவைத் தள்ளிப் பிடித்தார்.

அவர் அன்று கொஞ்சம் மரியாதை இல்லாத மனிதராக இருந்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும்.

கேண்டீனில் மேசைகளை ஒதுக்கித் தேர்வு நடந்தது. அப்பாவுவும் காளியம்மாவும் சுவர் ஓரப் பெஞ்சில் அமர்ந்தார்கள். எழுத்துப் பலகையின் கடைசி வரிவரைக்கும் நல்லம்மாள் படித்தாள். பிறகு ஊசிப் பலகை. வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு சாமணத்தை எடுத்தாள். பக்கத்தில் பாக்கியத்தின் ஊசிகள் மேசைக்கடியில் ஓடி ஒளிந்துகொண்டிருந்தபோது, நல்லம்மாள் தன் பலகையை முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். நேரம் பார்த்துக்கொண்டிருந்த பெண் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தாள், பிறகு பக்கத்துப் பெண்ணைக் கூப்பிட்டு அதைக் காட்டினாள். இருவரும் நல்லம்மாளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

காளியம்மாவுக்கு இந்தச் சடங்குகளில் ஆர்வம் இல்லை. மூன்றாவது மேசையில் கண்ணாடி போட்ட சீன மாதும், மலாய் மேற்பார்வையாளர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் மாப்பிள்ளை வீடு என்று அவர் உடனே கண்டுகொண்டார். நல்லம்மாளை அந்த மேசைக்கு அழைத்ததும் தம்பியை இடித்தார்.

“எந்திரி. பொண்ணத் தனியாவா விடுவாங்க?”

அப்பாவு மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். காளியம்மா பின்னால் நின்றார். கதவு இல்லாத குறைக்கு ஒரு தூண் இருந்தது.

சீன மாது நிமிர்ந்து பார்த்தாள். ஊசிப் பலகையில் நேரம் பார்த்த பெண் வந்து அவளுடைய காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். மாது புன்னகைத்து, “பெயர்?” என்று மலாயில் கேட்டாள். நல்லம்மாள் பெயரைச் சொன்னாள். மேற்பார்வையாளர் முகமும் மலர்ச்சியாகத்தான் இருந்தது, அவளுடைய விரல்களைப் பார்க்கும் வரை. மலாய்க்காரர் வீட்டில் கல்யாணப் பெண்ணுக்குத்தான் மருதாணி இடுவார்கள். அவர் விரலைப் பார்த்தார், அட்டியலைப் பார்த்தார், பட்டைப் பார்த்தார்.

“எப்போது கல்யாணம்?” என்று கேட்டார்.

அப்பாவுவுக்குச் சந்தோஷத்தில் முதுகு நிமிர்ந்துவிட்டது. முதல் கேள்வியிலேயே இவ்வளவு தூரம் வந்த குடும்பத்தை அவர் பார்த்ததில்லை. “இந்த வருசத்துக்குள்ள முடிச்சிருவோம், என்சிக்” என்று தமக்குத் தெரிந்த மலாயில், ‘ஐயா’ போட்டு, உறுதி சொன்னார். “நல்ல எடம் அமைஞ்சா அடுத்த மாசமே.”

மேற்பார்வையாளர் சீன மாதைப் பார்த்தார். மாது தன் பேனாவைப் பார்த்தாள். கல்யாணமானதும் பெண்கள் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள் என்பதுதான் அவளுடைய பெரிய தலைவலி.

“இரவு வேலைக்கு வர முடியுமா?”

“ஐயய்யோ, அதெல்லாம் கெடையாது, மிஸ்” என்றார் அப்பாவு. “பொழுது சாஞ்சா எம்மவ வாசப்படி தாண்டாது. நீங்க தோட்டத்துல யார வேணாலும் விசாரிச்சிப் பாக்கலாம். எதுத்து ஒரு பேச்சு பேசாது. வெளியில போயி வேலை செய்யணும்கற ஆசையே கெடையாது.”

ஒரு மகளைப் பற்றி ஒரு தகப்பன் இதைவிட உயர்வாகச் சொல்ல முடியாது. மேற்பார்வையாளருக்குச் சிரிப்பு வந்தது. சீன மாது சிரிக்கவில்லை. நேரம் பார்த்த பெண் சொன்ன சேதி இன்னும் அவளுடைய காதில் இருந்தது போலும். அப்பாவுவைக் கையமர்த்திவிட்டு நல்லம்மாள் பக்கம் திரும்பினாள்.

“அப்பாவைக் கேட்கவில்லை. உன்னைக் கேட்கிறேன். இரவு வேலை செய்வாயா?”

நல்லம்மாளின் கண் மேசையிலிருந்து எழுந்தது. சீன மாதின் கண்ணாடி வரைக்கும் வந்தது. பதில் அவளிடம் தயாராக இருந்தது. குழாய்த் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த பதில். உதடு பிரிந்தது.

தூணுக்குப் பின்னால் காளியம்மா இருமினார்.

கண் தானாக இறங்கி மேசை விளிம்பில் உட்கார்ந்துகொண்டது. உதடு மூடியது. சீன மாது காத்திருந்தாள், தேவைக்கு அதிகமாகவே காத்திருந்தாள். பிறகு எழுந்து நின்று நன்றி சொல்லி அடுத்த பெண்ணைக் கூப்பிட்டாள். அடுத்த பெண் பாக்கியம்.

“பார்த்தியா அப்பாவு” என்றார் காளியம்மா, வெளியே வரும்போதே. “அந்த சீனம்மா எந்திரிச்சி நின்னு கும்புடாத கொறை. புடிச்சிப் போச்சு.”

நல்லம்மாள் பின்னால் வந்தாள். முழங்கையில் ஏறியிருந்த வளையல்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தாள்.

வாசலில் கார்த்திகேசு தமது தேநீரை அப்பாவுவுக்குக் கொடுத்து உபசரித்தார். எந்தத் தோட்டம், பெரியவர்கள் ஊரில் எந்தப் பக்கம், மூத்த பெண்ணா இளைய பெண்ணா, சமையல் தெரியுமா என்று உள்ளே கேட்டதைவிட அதிகமான கேள்விகளை வெளியே கேட்டார். அத்தனைக்கும் அப்பாவு அருமையாகப் பதில் சொன்னார்.

கொஞ்ச நாளில் பாக்கியத்துக்கு வேலை கிடைத்த சேதி வந்தது. வெள்ளை வேன் வந்து அவளையும் அவளுடைய தகரப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. நல்லம்மாளுக்கு ஒரு சேதியும் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார்த்திகேசுவின் தாயார் பழத்தட்டோடு வந்து இறங்கினார்.

“பேக்டரிலேருந்து வந்திருக்காங்க” என்று காளியம்மா லயம் முழுக்க அறிவித்தார். தமது பயிற்சி வீண்போகவில்லை என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயமில்லை. நியாயமாகப் பார்த்தால் வீண்போகவும் இல்லை. எதற்குத் தயார் செய்தாரோ அதுதான் கிடைத்திருந்தது.

நல்லம்மாள் இரண்டு நாள் பம்பைத் தூக்கிக்கொண்டு போய் வந்தாள். மூன்றாம் நாள் அத்தையிடம் வந்து நின்றாள்.

“அத்தே, அவரு அந்த பேக்டரிலதானே இருக்காரு. கட்டிக்கிட்டா என்னை உள்ள எடுப்பாங்களா?”

“எடுக்காம?” என்றார் காளியம்மா. “கதவத் தொறந்து விடறவனே அவந்தான். ஒன்ன விடாம வேற யார விடுவான்?”

காளியம்மா பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில், ஒரு கதவு திறப்பதற்குக் கதவில் நிற்பவன் மனம் வைத்தால் போதும். நல்லம்மாள் தலையசைத்தாள். கல்யாணம் கோயிலில் நடந்தது. பட்டும் பூவும் மருதாணியும் இந்தத் தடவை பொருத்தமாக இருந்தன.

ஈப்போவில் புந்தோங்கில் வாடகை வீடு. மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்து ஒரு மாலை நல்லம்மாள் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். கார்த்திகேசு கெட்ட மனிதர் அல்லர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பள நாளில் சீயக்காயிலிருந்து சேமியா வரை அவரே வாங்கி வருவார். அவள் சொன்னதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது.

“கல்யாணம் ஆனவங்கள எடுக்கறதில்லையே புள்ள. வேன்ல கூவுறப்பயே சொல்லியிருப்பானே?”

“சொன்னாங்க.”

“எடுத்தாலும் நான் விடமாட்டேன். அந்தப் புள்ளைங்க ரோட்டுல போனா பயலுங்க என்னென்ன பேரு வச்சிக் கத்தறானுங்க தெரியுமா? நான் தெனமும் கேட்டுல நின்னு கேக்கறேன். எம்பொண்டாட்டியப் பார்த்தும் கத்தணுமா?”

அந்தப் பெயர்களெல்லாம் அவளுக்கும் தெரியும். பாக்கியத்தைப் பார்த்தே கத்தியிருக்கிறார்கள். பாக்கியம் அவர்களைப் பார்த்துத் திருப்பிக் கத்தியும் இருக்கிறாள். நல்லம்மாள் அதை அவரிடம் சொல்லவில்லை.

பிள்ளைகள் பிறந்தன. புந்தோங்கில் கச்சான் பூத்தே செய்கிற வீடுகள் உண்டு, வறுத்த கடலையும் பொரித்த பயறும் பொட்டலம் கட்டி ஊர் ஊராக விற்பார்கள். அடுத்த வீட்டுக்காரர் நல்லம்மாளுக்குக் கடலை பொறுக்கும் வேலை கொடுத்தார். கல்லையும் சொத்தையையும் அவள் எடுத்துப் போடும் வேகத்தைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வந்து நிற்பார்கள். அந்த வேலைக்கு அவளை யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

எண்பதுகளில் தோட்டத்து ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். கத்தியைக் கீழே வைத்த காளியம்மா நல்லம்மாள் வீட்டோடு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் அவருடைய புகழ் முன்பே வந்திருந்தது. முதல் வாரத்திலேயே எதிர்வீட்டார் தங்கள் பெண்ணைத் தயார் செய்து தரச் சொல்லி வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். அவரும் ஒப்புக்கொண்டார்.

ஆனால் ஒவ்வொரு நாளும் பிற்பகலில் ஒரு விஷயம் நடந்தது. மாலை ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு பேக்டரி பஸ் தெருமுனையைக் கடக்கும். அந்த நேரத்துக்கு நல்லம்மாள் கடலைத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள். பஸ் போனதும் திரும்பி வந்து உட்காருவாள். காளியம்மா சில நாள் பார்த்தார்.

“அங்க என்னத்தப் பார்க்குற?”

“பஸ்ஸ.”

“பஸ்ஸுல என்ன இருக்கு?”

“எடம் இருக்கு அத்தே” என்றாள் நல்லம்மாள். “தெனமும் ரெண்டு மூணு சீட்டு காலியாத்தான் போவுது.”

அதில் குத்தல் ஏதும் இல்லை. பார்த்ததைச் சொன்னாள், கடலை பொறுக்கத் தொடங்கினாள். காளியம்மா வெற்றிலையை மடித்தபடியே வெகுநேரம் வாயில் போடாமல் வைத்திருந்தார். பிறகு எழுந்து எதிர்வீட்டுக்குப் போனார். “எனக்குக் கண்ணு சரியாத் தெரியல தாயி. ஒங்க பொண்ணுக்கு வேற ஆளப் பாருங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். தூரத்துச் சிவன் கோயில் கொடியைக் கூடத் திண்டாடாமல் பார்க்கக்கூடிய கண் அது.

எண்பத்தாறில் ஊரெங்கும் வியாபார மந்தம். பேக்டரியில் ஆட்குறைப்பு. உள்ளே ஆட்கள் குறைந்ததும் வாசலுக்கு இத்தனை காவல் எதற்கு என்று நிர்வாகம் யோசித்தது. காக்கி உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த கார்த்திகேசு ஒரு வாரம் மீசையைத் தடவிக்கொண்டு நாற்காலியிலேயே இருந்தார். எட்டாம் நாள் மனைவியைக் கூப்பிட்டார்.

“சிம்பாங் பூலாய்ப் பக்கம் ரேடியோ சாமான் செய்யற பேக்டரியில பொம்பளைங்கள எடுக்கறானாம். கல்யாணம் ஆயிருந்தாலும் பரவால்லையாம். நீ போயி கேட்டுப் பாரேன்.”

“ரோட்டுல கத்துவானுங்களே?”

“கத்தினா கத்தட்டும்லா” என்றார் கார்த்திகேசு. பார்வை சுவர்க் காலண்டரில் இருந்தது.

நல்லம்மாள் ஒரு பருத்திச் சேலையை உடுத்தித் தலையை இறுக்கி முடிந்துகொண்டாள். காளியம்மா பூச்சரத்தை எடுத்து வந்து, ஏதோ யோசித்து, அதைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டார். துணைக்கு அவரும் பஸ் ஏறினார். ஆனால் அந்த பேக்டரி வாசலில், மழைமரத்தின் கீழே நின்றுகொண்டார்.

“உள்ள வாங்க அத்தே, வெயிலா இருக்கு.”

“நான் வரல. எனக்குத் தொண்ட சரியில்ல. நீ போ.”

நல்லம்மாள் உள்ளே போனாள். காளியம்மா மரத்தடியில் நின்றார், பிறகு உட்கார்ந்தார், பிறகு மறுபடியும் நின்றார். அவள் திரும்பி வந்தபோது அவளுடைய முகத்தை மட்டும் பார்த்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

“என்ன கேட்டாங்க?”

“பேரு. படிப்பு. கடலை பொறுக்கறேன்னதும் கையக் காட்டச் சொன்னாங்க. அப்புறம் நைட்டு வேலை செய்வியான்னு.”

“நீ என்ன சொன்ன?”

“செய்வேன்னேன்.”

“நிமிந்து பார்த்தா சொன்ன?”

“அந்த ஆளு கண்ணப் பார்த்துத்தான் அத்தே சொன்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் வயசு கேட்டாங்க. இருவத்தஞ்சுக்கு மேல எடுக்கறதில்லையாம்.”

காளியம்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

“வயச மொதல்லயே கேக்கறதுக்கென்ன? எடுக்காதவன் நைட்டு வேலைய பத்தி எதுக்குக் கேட்டான்?”

“வரிசையாக் கேட்டுட்டு வந்தான் அத்தே. வயசு கடைசியில இருந்துச்சு.”

“சத்தமாச் சொன்னியா?”

“சத்தமாத்தான் சொன்னேன்.”

“எப்பிடி? சொல்லிக் காட்டு.”

“பஸ்ஸுலயா அத்தே?”

“சொல்லு.”

நல்லம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “போலே, என்சிக்!”

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். முன்சீட்டில் இருந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். காளியம்மா அவர்களைப் பொருட்படுத்தவில்லை.

“இன்னொரு தடவ சொல்லு” என்றார்.

நல்லம்மாள் சொன்னாள்.